இரண்டாம் பாகத்தின் சமையலறை

பேய்ப்படத்துக்குப் போனால் கண்ணாடிக்காரரின் மனைவி சிரிப்பார். கூட்டம் அலறுகிற இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார். பல சமயம் பொத்தவும் மறந்துபோகும். முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். படம் விட்டு வெளியே வரும்போது, "அந்தப் பேய் ஏங்க அவ்ளோ பேசுது? பேச ஆரம்பிச்சிட்டா அப்புறம் அதுவும் நம்ம சொந்தக்காரங்க மாதிரிதான். எரிச்சல் வரும், பயமா வரும்?" என்பார்.

கண்ணாடிக்காரர் நேர்மாறு. பயந்த சுபாவம். இசை கொஞ்சம் தாழ்ந்து, கதாநாயகி விளக்கில்லாத அறைக்குள் காலெடுத்து வைத்தால் போதும், மூக்கில் இருந்த கண்ணாடி மடிக்கு இறங்கிவிடும். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் திரை வெறும் கலங்கல். "காசு கொடுத்து மங்கலைப் பார்த்துட்டு வர்ற ஒரே ஆளு நீங்கதான்" என்று மனைவி கேலி செய்வார். ஆனாலும் அவர் உடன் போகாமல் இருந்ததில்லை. அவள் சிரிப்பைக் கேட்கத்தான் போனேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

எனக்குக் கண்ணாடி செய்து தருபவர் அவர்தான். தெருவைப் பார்த்த முன்னறை கடை. எழுத்துப் பலகை, சோதனை நாற்காலி, லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். அதற்குப் பின்னால் வீடு. கடையிலிருந்து ஒரு நீண்ட நடை உள்ளே போகும். நடையின் கோடியில் சமையலறை. அதற்கு வரிவரியாக நெளிந்த கண்ணாடி பதித்த பழைய கதவு. மனைவிக்கு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. ஒரே மகள், மாட்டு வைத்தியம் படித்து வேறு ஊரில் இருந்தாள்.

சமையலறையில் அடுப்புக்கு முன்னால் ஒரு தரைக்கல் ஆடும். மிதித்தால் 'டக்' என்று ஒலிக்கும். அங்கே போய் நிற்பது மனைவிதான் என்பதால், மாலையில் அந்தச் சத்தம் கேட்டால் அவர் கடையில் இருந்தபடியே, திரும்பாமல், "தண்ணி வச்சுட்டியா?" என்று கேட்பார். தேநீருக்குத்தான். உள்ளேயிருந்து "வச்சுட்டேன்" என்று வரும். கல்யாணம் ஆன நாளிலிருந்து மாறாத பேச்சு இது ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் இருவருக்கும் வாக்குவாதம் உண்டு.

ஒருநாள் உடைந்த மூக்குக்கண்ணாடியோடு ஓர் இளைஞன் கடைக்கு வந்தான். எந்நேரமும் தலையில் தொப்பி. அதனால் பிறகு அந்த வீட்டில் அவனுக்குப் பெயரே தொப்பி. கண்ணாடி தயாராகும்வரை உட்கார்ந்திருந்தவன் நடையைப் பார்த்தான், கோடியில் இருந்த கதவைப் பார்த்தான். பேய்ப்படம் ஒன்று எடுக்கப்போவதாகவும் கையில் பெரிதாகப் பணமில்லை என்றும் இந்த வீட்டில் எடுக்கலாமா என்றும் கேட்டான். கண்ணாடிக்காரர் யோசிக்க வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மனைவி, "எடுத்துக்கோப்பா, ஆனா பேய் நல்லா இருக்கணும்" என்று குரல் கொடுத்துவிட்டார்.

படப்பிடிப்பு நடந்தபோது இருவரும் மாடி அறையில் இருந்தார்கள். ஒருநாள் நடையில் கதாநாயகி தனியாக நிற்கிற காட்சி. கேமரா ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் மனைவி பின்பக்கமாகச் சமையலறைக்குள் வந்து, செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நெளிந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் உருவம் நிதானமாகக் குறுக்கே போனது. படப்பிடிப்பில் யாரும் கவனிக்கவில்லை. படத்தொகுப்பில்தான் தொப்பி அதைப் பார்த்தான். வெட்டாமல் விட்டுவிட்டான்.

படம் வந்தது, பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த நிழலைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அது யார், ஏன் போனது, அடுத்து வந்ததா, எதற்கும் படத்தில் விடை கிடையாது. திரையரங்கில் அந்த இடம் வந்தபோது மனைவி சிரிக்கவில்லை. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானே அது?" என்றார் அவர்.

"நான்தாங்க. அது தெரியுது. ஆனா பயமா இருக்கு."

"உன்னைப் பார்த்து நீயே பயப்படுறியா?"

"அவ எங்க போறான்னு தெரியலையே."

அதற்கு அடுத்த குளிர்காலத்தில் மனைவி இறந்துபோனார். வேலையில் இருந்தபோதுதான். காதில் கருவி மாட்டியிருந்தது. மறுமுனையில் ஏதோ ஒரு நோயாளியின் உறவினர் "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்று வெகுநேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். கடைக்குச் செய்தி வந்தபோது கண்ணாடிக்காரர் ஒரு லென்ஸைப் பாதி தேய்த்திருந்தார். அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். ஏன் அப்படிச் செய்தேன் என்று அவருக்கே தெரியாது. பாதியில் விட்டால் வீணாகிவிடும் என்று கை நினைத்திருக்கும்.

மகள் வந்தாள். அப்பாவைத் தனியாக விட மனமில்லாமல் வேலையையே இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டு பக்கத்தில் வீடு பார்த்தாள். சமையலறையில் ஈரம் ஏறிக் கிடந்தது. ஆட்களை அழைத்துத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டாள். கதவில் விரிசல் இருந்தது. இழுத்து மூடுகிற கதவாக மாற்றினாள். எல்லாவற்றுக்கும் அவர், "செய் பாப்பா, செய்" என்றார். வேலை முடிந்து ஆட்கள் போனபிறகு உள்ளே போய் நின்றார். எங்கே மிதித்தாலும் தரை ஊமையாக இருந்தது.

சில வருடங்கள் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தார். தொப்பியின் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். அவர் அதன் கலை இயக்குநர். இப்போது பெரிய தயாரிப்பாளர், பெரிய பணம். அதே வீடு வேண்டும். ஆனால் வீடு மாறிவிட்டது.

"பரவாயில்ல சார். நாங்க கிடங்குல செட் போட்டுட்டோம். முதல் படத்தைப் பார்த்துப் பார்த்தே போட்டோம். ஒருதடவை வந்து சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

ஊருக்கு வெளியே தகரக் கூரை போட்ட பெரிய கிடங்கு. உள்ளே ஒட்டுப்பலகையும் கம்பிகளுமாக ஏதோ கிடந்தது. கண்ணாடிக்காரர் அதற்குள் ஒரு வாசல் வழியாக நுழைந்தார். நுழைந்ததும் தன் நடையில் நின்றார். சுவரில் அதே அழுக்கு மஞ்சள். கோடியில் நெளிந்த கண்ணாடிக் கதவு. அதைத் தள்ளினால் சமையலறை. அடுப்பு, மேல்தட்டில் கைப்பிடி உடைந்த கோப்பை, ஜன்னலில் அதே கோடு போட்ட திரைச்சீலை. தெருவில் இருக்கிற தன் வீட்டைவிட அது தன் வீடாக இருந்தது.

அவர் அடுப்புக்கு முன்னால் போய் நின்று காலால் தரையை அழுத்திப் பார்த்தார்.

"என்ன சார்? ஏதாவது தப்பா இருக்கா?"

"இல்லம்மா. இந்த இடத்துல ஒரு கல்லு ஆடும். மிதிச்சா டக்குன்னு கேக்கும். படத்துல அது தெரிஞ்சிருக்காது."

கலை இயக்குநர் அவர் முகத்தைப் பார்த்தார். மறுபேச்சுப் பேசாமல் தச்சரைக் கூப்பிட்டு ஒரு கல்லைப் பெயர்த்து, அடியில் சிறு துண்டு மரத்தை வைத்து, மீண்டும் போடச் சொன்னார். இரண்டு மூன்று முறை மாற்றி வைத்தபிறகு சத்தம் சரியாக வந்தது. கண்ணாடிக்காரர், "உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமா?" என்று கேட்டார்.

அதன்பிறகு அவர் தினமும் கிளம்பிவிடுவார். மதியம் கடையை மூடிவிட்டுப் பேருந்து ஏறுவார். படப்பிடிப்பு ஆட்களுக்கு அவர் பழகிப்போனார். 'வீட்டுக்காரர் வந்துட்டாரு' என்பார்கள். ஓரமாக உட்கார்ந்திருப்பார், யாருக்கும் தொந்தரவு கிடையாது. கணவனாக நடிக்கிறவருக்குப் பழைய கண்ணாடி ஒன்று வேண்டும் என்றார்கள். தன் பழைய ஃப்ரேம் ஒன்றைச் சந்தோஷமாகக் கொடுத்தார். கதை என்னவென்று கேட்கவில்லை. மகள் கேட்டாள்.

"என்ன கதைப்பா?"

"பேய்க்கதைதான்."

"அது தெரியும். நீங்க ஏன் தினமும் போறீங்க?"

"அங்க வெளிச்சம் நல்லா இருக்கு பாப்பா."



ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். செட்டில் விளக்குகளை அணைத்திருந்தார்கள். மேலே கூரைத் தகட்டின் இடுக்குகளில் இருந்து பகல் வெளிச்சம் கசிந்தது. அவர் நடையின் இந்த முனையில், கடை இருக்கவேண்டிய இடத்தில், சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கையில் வேலை எதுவும் இல்லாததால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

பின்னால் 'டக்' என்று கேட்டது.

"தண்ணி வச்சுட்டியா?" என்றார் அவர். யோசித்துக் கேட்கவில்லை. வாய் கேட்டுவிட்டது.

"வச்சுட்டேன்" என்றது ஒரு பெண் குரல்.

அவர் திரும்பவில்லை. துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். மனைவியாக நடிக்கிற பெண் உள்ளே எதையோ மறந்து வைத்துவிட்டு எடுக்க வந்திருப்பாள் என்று புத்திக்குத் தெரிந்தது. குரலும் வேறு குரல்தான், இளம் குரல். ஆனால் திரும்பினால் அது முடிந்துவிடும். ஆட்கள் பேசிக்கொண்டே திரும்பி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது, மனைவி போனபிறகு முதல்முறையாகப் பசித்தது என்று சொன்னார்.

அந்த வாரக் கடைசியில், இனி வரவேண்டாம், வேலை முடிந்துவிட்டது என்று தகவல் வந்தது. செட்டை என்ன செய்வீர்கள் என்று கேட்கக் கலை இயக்குநரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் எடுக்கவில்லை.

படம் வெளியான அன்று மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். மதியக் காட்சிக்குப் போனார்கள். அரங்கு நிரம்பியிருந்தது. கண்ணாடிக்காரர் இம்முறை கண்ணாடியைக் கழற்றவில்லை.

முதல் பாதியைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே நம்பலாம். நானும் பிறகு போய்ப் பார்த்தேன். அருமையான பாதி. மனைவியை இழந்த ஒருவர் வீட்டில் தனியாக இருக்கிறார். அவ்வளவுதான் நடக்கிறது. பேய் வரவே இல்லை. அவர் ஒரு தட்டை எடுக்கப் போய் இரண்டு தட்டு எடுக்கிறார். ஒன்றைத் திரும்ப வைக்கிறார். நமக்கு முதுகு சில்லிடுகிறது. பின்னணி இசை கிடையாது. குழாய் சொட்டுவதும் நாற்காலி நகர்வதும்தான் சத்தம். பேய்ப்படக்காரர்கள் இவ்வளவு பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பாதியின் உச்சத்தில் கணவர் நடையின் முனையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கண்ணாடி துடைக்கிறார். கேமரா அவர் முகத்திலேயே நிற்கிறது. பின்னால் 'டக்'.

"தண்ணி வச்சுட்டியா?"

"வச்சுட்டேன்."

அரங்கம் மொத்தமும் ஒரே மூச்சை இழுத்தது. எங்கோ ஒரு பெண் வீறிட்டாள். கண்ணாடிக்காரரின் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது. மகள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த வார்த்தைகளைக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

"அப்பா... இது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இடைவேளைக்குப் பிறகு அதே படம் வேறு யாரோ எடுத்தது போல் மாறியது. முதல் பாகத்தின் நிழலை அப்படியே எடுத்துப் பெரிதாக்கி, வெளிச்சம் ஏற்றி, அதற்கு ஒரு முகத்தை ஒட்டியிருந்தார்கள். நிழல் யார் என்பதற்கு விடை வந்தது. ஏன் போகிறது என்பதற்கு விடை வந்தது. விடைகளாக வந்து குவிந்தன. பேய் வாய் திறந்து பேசத் தொடங்கி நிறுத்தவே இல்லை. சுவரேறியது, கூரையில் தொங்கியது, ஒவ்வொரு தாவலுக்கும் காதைக் கிழிக்கிற ஒரு அடி. தூக்கிவாரிப்போட்டதே ஒழியப் பயமே இல்லை. கடைசியில் ரகசியம் அவிழ்ந்தது. மனைவி தானாகச் சாகவில்லை. பழைய ஃப்ரேம் போட்ட அந்தச் சாதுவான கணவன்தான், அடுப்புக்கு முன்னால், அந்தக் கல்லின் மேல் வைத்து அவளைக் கொன்றிருக்கிறான். பேய் அவனைப் பழிவாங்குகிறது. வீடு பற்றி எரிகிறது.

நெருப்பு கணினியில் செய்தது இல்லை. கோடு போட்ட திரைச்சீலை சுருண்டு கருகுவதையும், மேல்தட்டு சரிந்து கைப்பிடி உடைந்த கோப்பை விழுவதையும், நெளிந்த கண்ணாடி வெடித்துச் சிதறுவதையும் கண்ணாடிக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். கலை இயக்குநர் ஏன் தொலைபேசியை எடுக்கவில்லை என்று அப்போது புரிந்தது.

வெளியே வந்ததும் மகள் வெடித்தாள். "கேஸ் போடலாம்ப்பா. விடக்கூடாது. உங்க கண்ணாடி, உங்க வீடு, உங்க பேச்சு. கடைசில உங்களையே கொலைகாரன் ஆக்கிட்டானுங்க."

"முதல் பாதி நல்லா இருந்துச்சுல்ல?"

"அப்பா!"

"இல்ல பாப்பா, நியாயமாச் சொல்லு. நல்லா இருந்துச்சா, இல்லையா?"

அவள் நடந்துகொண்டே அழுதாள். "அதான்ப்பா கொடுமை. முதல் பாதி உண்மை மாதிரி இருக்கு. அதனால ரெண்டாவது பாதியையும் நம்பிடுவாங்க."

அவள் சொன்னது பலித்தது. முதல் படத்தில் வந்த வீடு இதுதான் என்று தெருவுக்கே தெரியும். இப்போது கடைக்கு எதிரே நின்று புகைப்படம் எடுக்கிறவர்கள் பெருகினார்கள். பள்ளிப் பிள்ளைகள் கடையைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தினார்கள். கண் பரிசோதனைக்கு வந்த ஓர் அம்மாள், விளையாட்டாகத்தான், "இருட்டு ரூம்ல உங்களோட தனியா உட்காரலாமா சார்?" என்று கேட்டுச் சிரித்தார். அவரும் சிரித்தார். அன்று மாலை கடையைச் சீக்கிரம் மூடினார். சமையலறையில் நின்றபோது தன் கைகளைப் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். செய்யாததைத் திரும்பத் திரும்பப் பெரிய திரையில் காட்டினால் கைக்கே சந்தேகம் வந்துவிடும்போல.

ஆனாலும் அவர் அந்தப் படத்துக்கு மறுபடி போனார். மகளுக்குத் தெரியாமல் போனார். இடைவேளை விட்டதும் எழுந்து வந்துவிடுவார். மறுநாள் மறுபடி போவார். வாயிலில் சீட்டுக் கிழிப்பவர் ஒருநாள், "சார், இன்னைக்காவது ரெண்டாவது பாதியைப் பாருங்க, செம ட்விஸ்ட்" என்றாராம். "தெரியும்ப்பா" என்றிருக்கிறார். அவர் கேட்கப் போனது ஒரே ஒரு சொல்லை. அந்தக் குரல் மனைவியின் குரல் இல்லை. ஆனால் கேள்விக்குப் பதில் வருகிற ஒரே இடம் அதுதானே.

மகள் தொப்பியைத் தொலைபேசியில் பிடித்துக் கிழிகிழியென்று கிழித்தாள். அடுத்த நாள் அவன் கடைக்கு வந்து நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது.

"அண்ணே, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

"உட்காரு. எதுக்கு ரெண்டாவது பாதி அப்படி?"

"முதல் படத்துல அந்த நிழல் யாருன்னு எனக்கே தெரியாது. தெரியாததாலதான் அது நின்னுச்சு. இந்தத் தடவை தயாரிப்பாளரு, ஜனங்களுக்கு விடை வேணும், யாருன்னு சொல்லியே ஆகணும்னாரு. சொல்ல ஆரம்பிச்சா எங்கயாவது கொண்டுபோய் முடிக்கணுமே."

"அதுக்கு நான் அவளைக் கொல்லணுமா?"

தொப்பி தரையைப் பார்த்தான். "உங்களை நினைச்சு எழுதலண்ணே. அவன் புருஷன், அவ்ளோதான். எழுதும்போது உங்க முகமே ஞாபகம் வரல. உங்க ஃப்ரேமைப் போட்டு அந்த நடிகரு வந்து நின்னப்பதான் எனக்கு உறைச்சுது. அப்பவும் நான் நிறுத்தல."

கண்ணாடிக்காரருக்கு அதில் கோபம் வந்தது. அதே சமயம் ஆறுதலாகவும் இருந்தது. குறைந்தபட்சம் அவன் பொய் சொல்லவில்லை. "சரி, அந்தப் பேச்சு? தண்ணி வச்சுட்டியான்றது? அதை யாரு சொன்னா?"

"அந்தப் பொண்ணு சொன்னாண்ணே. செட்ல மதியம் நீங்க கேட்டீங்கன்னும், அவ பதில் சொன்னான்னும். அதைச் சொல்ல மூச்சிரைக்க ஓடி வந்தா. அப்பவே எழுதி அடுத்த நாள் எடுத்துட்டேன். உங்ககிட்ட கேட்டிருக்கணும். படத்துல நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றது அந்த ஒண்ணைத்தான். அது என்னோடது இல்ல."

பத்திரிகைக்கு ஓர் அறிக்கை தருகிறேன், வீட்டுக்காரருக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை என்று படத்தின் தொடக்கத்தில் எழுத்துப் போடச் சொல்கிறேன் என்றான். செய்தான். அதனால் பெரிய மாற்றம் இல்லை. எழுத்தைப் படிக்கிறவர்கள் யார்?

மனைவியாக நடித்த அந்தப் பெண் சில வாரம் கழித்துத்தான் வந்தாள். படம் அதற்குள் பெரிய அரங்குகளில் இருந்து எடுக்கப்பட்டிருந்தது. முதல் பாதியைப் புகழ்ந்தவர்கள் நிறைய. திரும்பப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு. கதை வசனத்தாளைப் படிக்கக் கண் கூசுகிறது, தலை வலிக்கிறது என்று சாதாரண வாடிக்கையாளர் போல நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் சோதித்து, அளவு எழுதி, ஃப்ரேம்களை எடுத்துக் காட்டும்வரை பொதுவாகத்தான் பேசினார்கள். பிறகு அவள் சொன்னாள்.

"ஐயா, நான் மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன். உங்க சொந்த விஷயத்தை நான் டைரக்டர்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது."

"நீ பதில் சொன்னியேம்மா. அதுக்கு நான்தான் உனக்கு நன்றி சொல்லணும்."

"அதுலதான் ஐயா எனக்கு ஒரு உறுத்தல். நீங்க படத்துல அந்தக் குரல் என்னோடதுன்னு நினைச்சிருப்பீங்க. படத்துல என்னோடதுதான். அன்னைக்கு மதியமும் நான்தான் சொன்னேன். ஆனா நான் சமையலறைக்குள்ள வரல. செருப்பை விட்டுட்டுப் போயிட்டேன்னு செட்டோட பின்வாசல் பக்கமா வந்தேன். உள்ள டக்குன்னு கல்லு சத்தம் கேட்டுச்சு. யாரு இருக்காங்கன்னு எட்டிப் பார்த்தேன். யாரும் இல்ல. அதுக்குள்ள நீங்க கேட்டீங்க. உங்க குரலைக் கேட்டா, யாராவது பதில் சொல்லியே ஆகணும்போல இருந்துச்சு. சொல்லிட்டேன். அப்புறம்தான் பயம் வந்துச்சு. அதான் டைரக்டர்கிட்ட ஓடினேன்."

கண்ணாடிக்காரர் கையில் இருந்த ஃப்ரேமின் காதை மடக்கினார், விரித்தார்.

"நீ கல்லை மிதிக்கல?"

"இல்ல ஐயா. கல்லுப் பக்கமே நான் வரல."

"சத்தம் கேட்டுச்சு?"

"உங்களுக்குக் கேட்டுச்சே. அதே மாதிரி எனக்கும் கேட்டுச்சு."

அவர் காகிதத்தில் அவளுடைய முகத்தின் அகலத்தைக் குறித்துக்கொண்டார். அவளும் ஏதோ சுமையை இறக்கி வைத்தவள் போல எழுந்து போனாள்.

அன்று மாலை மகளிடம் சொன்னார். அவள் சோபாவில் சாய்ந்துகொண்டு யோசித்தாள். பகலெல்லாம் ஒரு பசுவின் கன்றை இழுத்து எடுத்துவிட்டு வந்தவள். சட்டென்று எதற்கும் அசரமாட்டாள்.

"ஒட்டுப்பலகைப்பா. கீழ வச்சது மரத்துண்டு. வெயில்ல மரம் விரியும், கல்லு தானா எழும்பும். சத்தம் வரும்."

"ஆமா. இருக்கும்."

"இல்லன்னா உங்க மனசு ஆறட்டும்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கும்."

"அதுவும் இருக்கும்."

மகள் அவரை உற்றுப் பார்த்தாள். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் அன்னைக்குத் திரும்பிப் பார்த்திருக்கலாம்னு நினைக்கிறேன். பார்க்காததும் நல்லதுன்னு நினைக்கிறேன். ரெண்டையும் மாத்தி மாத்தி நினைச்சுட்டே இருக்கேன் பாப்பா."

மகள் எழுந்து வந்து அவர் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டாள். வழக்கு போடுவதைப் பற்றி அதன்பிறகு அவள் பேசவில்லை. கொலை செய்தவர் என்ற பேச்சு தெருவில் மெல்லத் தேய்ந்தது. இன்னொரு படம் வந்தது, பிள்ளைகளுக்குப் பயப்பட வேறு வீடு கிடைத்தது. எதிரே நின்று படம் எடுக்கிறவர்களில் ஒரு தம்பதி துணிந்து உள்ளே வந்து, அந்தச் சமையலறையைக் காட்டமுடியுமா என்று கேட்டார்கள். கூட்டிப்போய்க் காட்டினார். புதிய தரையையும் புதிய கதவையும் பார்த்து முகம் வாடிப்போனார்கள். "இதுதான் நிஜ வீடு. அது செட்" என்றாராம் அவர்களிடம். சொல்லிவிட்டு அது அவ்வளவு சரியில்லையே என்று அவருக்கே பட்டிருக்கிறது.

இப்போது விடுமுறை நாளில் அவர் பேய்ப்படத்துக்குப் போகிறார். பெரும்பாலும் தனியாக. நல்லதா கெட்டதா என்று கடைக்கு வருகிறவர்களுக்கு விமர்சனம் சொல்கிறார். எழுத்துப் பலகையைப் படிக்கவைத்துக்கொண்டே, இந்தப் படத்தில் முதல் அரைமணி பிரமாதம், அதில் கடைசி அரைமணி தண்டம் என்று அளப்பார். பேய்ப்படத்துக்கு இரண்டாம் பாகம் எடுப்பதே தப்பு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார். "செத்துப்போனவங்களைப் பத்தி ஒரே தடவையா பேசி முடிச்சிட முடியும்? மறுபடி பேசத்தான் செய்வோம். என்ன பேசுறோம்ங்கிறதுதான் விஷயம்" என்பார்.

போன மாதம் நானும் உடன் போனேன். பாதிக்கு மேல் காலியான அரங்கு. எங்களுக்கு முன் வரிசையில் ஓர் இளம்பெண், தனியாகத்தான் வந்திருந்தாள், முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். திரையில் இருந்த உருவம் எப்போதோ கதவுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அவளுக்கு அது தெரியவில்லை. கண்ணாடிக்காரர் முன்னால் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கண்ணைத் திறம்மா. போயிடுச்சு."

அவள் விரல்களை விலக்கிப் பார்த்தாள். அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். அவருடைய கண்கள் மட்டும் அந்தக் கதவிலேயே இருந்தன.